சொல் எடுபடாமல் போன கதை: சமய அதிகார மறுப்பு என்றால் என்ன?

ஆண்டுக்கு ஒருமுறையாவது எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் மறையுரையில், அதாவது பிரசங்கத்தில், இது வந்துவிடும்: "ஐரோப்பாவில் கோவில்களெல்லாம் காலியாகிவிட்டன. அங்கே மக்கள் கடவுளை மறந்துவிட்டார்கள்." உடனே பெஞ்சுகளில் ஒரு பெருமூச்சு எழும். நாம் அப்படி இல்லையே என்ற நிம்மதியும் அந்தப் பெருமூச்சில் கொஞ்சம் கலந்திருக்கும். மறையுரையின் முதல் வாக்கியம் பெருமளவு உண்மைதான். இரண்டாவதுதான் இடிக்கிறது. அந்த மக்கள் கைவிட்டது கடவுளையா, கடவுள் பெயரால் பேசியவர்களையா? சிலர் இரண்டையும் கைவிட்டிருக்கலாம். ஆனால் எது முதலில் நடந்தது, ஏன் நடந்தது என்று பார்க்காமல் பெருமூச்சு விடுவதில் பயனில்லை.

கடவுள் பெயரால் பேசுபவர்களின் சொல்லை மக்கள் ஏற்க மறுப்பதற்குச் சமய அதிகார மறுப்பு என்று பெயர். கேட்கக் கனமாக இருக்கும். கனமெல்லாம் 'அதிகாரம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பழைய கொத்தனார் இருந்தார். பாதி எழும்பிய சுவரைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், "இது நிற்காது, பிரித்துவிடுங்கள்" என்பார். வீட்டுக்காரர் முகம் வாடும், ஆனாலும் பிரித்துவிடுவார். அதே தெருவில் ஒரு சுவரை இடிக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டுக்காரர் நேராக வக்கீலைப் பார்க்கப் போனார். கொத்தனாரால் யாரையும் எதுவும் செய்துவிட முடியாது. நோட்டீசுக்குப் பின்னால் போலீஸ் வரும். ஆனால் சுவர் இறங்கியது கொத்தனார் சொல்லுக்குத்தான்.

தமிழில் இரண்டையுமே அதிகாரம் என்கிறோம். அந்த நோட்டீஸ் வகைக்கு நல்ல பெயரும் இல்லை: "ரொம்பத்தான் அதிகாரம் செய்கிறான்" என்பது வசவு. கொத்தனாரின் வகையைச் சொல்லும்போது அந்தச் சொல்லே நம் வாயில் வருவதில்லை. "அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

கிறிஸ்தவர்கள் இங்கே மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளலாம். மலைப்பொழிவு முடிகிறது. இயேசு மறைநூல் அறிஞரைப் போலன்றி அதிகாரத்தோடு போதித்தார் என்று கூட்டம் வியக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பதவியும் பட்டமும் இருந்தது மறைநூல் அறிஞர்களிடம். இயேசுவோ தச்சர் வீட்டுப் பிள்ளை. நோட்டீஸ் ஒட்டும் உரிமை அவருக்கு இல்லை. கேட்டவர்கள் கண்டுகொண்டது கொத்தனாருக்கு இருந்தது போன்ற அதிகாரத்தை. பின்னால் சீடர்கள் பதவிக்கு அடித்துக்கொண்டபோது, உலகத் தலைவர்கள் மக்களை அடக்கி ஆள்வதைச் சுட்டிக்காட்டி, "உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது" என்றும் அவரே சொன்னார். திருச்சபையின் அதிகாரத்துக்கு அளவுகோல் அதுதான். வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததல்ல.

அளவுகோல் கையில் இருந்தும் சுவர் சாய்ந்தது எப்படி என்பதற்கு அயர்லாந்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

1970களின் தொடக்கத்தில் அந்த நாட்டுக் கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, போனார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 95 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். 2022 கணக்கெடுப்பில் அது 69 ஆகிவிட்டது. தங்களைக் கத்தோலிக்கர் என்று எழுதிக்கொண்டவர்களிலும் பலர் வாரந்தோறும் கோவிலுக்குப் போவதில்லை.

அந்தத் திருச்சபையின் செல்வாக்கு சும்மா வந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்களை ஒடுக்கும் சட்டங்கள் நடப்பில் இருந்தபோது, குருக்கள் ஒளிந்து வாழ்ந்து, வெட்டவெளியில் பாறைகளை பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றினார்கள். அந்தப் பாறைகளை இன்றும் காட்டுகிறார்கள். 1840களின் பெரும் பஞ்சத்தில் குருக்களும் மக்களோடு நோயில் விழுந்து இறந்தார்கள். கார்க் நகரில் நானோ நேகல் என்ற பெண்மணி ஏழைப் பிள்ளைகளுக்குத் திருட்டுத்தனமாகப் பள்ளி நடத்தினார். அவர் தொடங்கிய சபையின் கன்னியர்கள்தான் 1842இல் சென்னைக்கு வந்து பள்ளி திறந்தவர்கள். நம் ஊரில் கான்வென்ட் என்ற சொல்லுக்கு மதிப்பு வந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. அந்தக் காலத்தில் குருவின் சொல்லை மக்கள் கேட்டது, கொத்தனாரின் சொல்லைக் கேட்டதுபோல.

பிறகு 1922இல் நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஒருகாலத்தில் ஒடுக்கப்பட்ட திருச்சபையின் கையில் இப்போது பெரும்பாலான பள்ளிகளும் பல மருத்துவமனைகளும் இருந்தன. 1937 அரசியலமைப்பு அதற்குத் 'தனிச்சிறப்பான இடம்' தந்தது. ஆயர்களின் (பிஷப்புகளின்) ஒரு கடிதம் போதும், அரசு பின்வாங்கும். தாய்மார்களுக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் தர நோயல் பிரவுன் என்ற அமைச்சர் திட்டம் போட்டார். ஆயர்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1951 ஏப்ரலில் பதவி விலகிய பிரவுன், ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். நாட்டை யார் ஆள்கிறார்கள் என்று மக்கள் முதன்முறையாக அச்சில் படித்தார்கள்.

பெரிய இடத்துக் கதை இருக்கட்டும். சிறிய இடம் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். வெக்ஸ்போர்ட் மாவட்டத்தின் தென்கோடியில் கடலோரமாக ஃபெதர்ட்-ஆன்-சீ என்றொரு கிராமம் இருக்கிறது. நான்கைந்து கடைகள், இரண்டு பள்ளிகள், இரண்டு வகைக் கோவில்கள். 1957இல் அங்கே ஒரு கலப்புக் குடும்பம் இருந்தது. கணவர் கத்தோலிக்க விவசாயி, மனைவி புராட்டஸ்டன்ட். கலப்புத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராகவே வளர்ப்போம் என்று இருவரும் எழுதித்தர வேண்டும் என்பது அந்நாள் விதி. மூத்த மகள் பள்ளி செல்லும் வயதை எட்டினாள். கத்தோலிக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று குருக்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கலந்து பேசவோ, நயமாகக் கேட்கவோ இல்லை. ஏப்ரல் கடைசியில் அந்தத் தாய் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

அவருக்கு ஊரிலுள்ள புராட்டஸ்டன்ட்கள் உதவியிருக்க வேண்டும் என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. ஊர்க் கத்தோலிக்கக் குருக்களின் ஆதரவோடு புறக்கணிப்பு தொடங்கியது. கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்ட் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். அவர்களிடம் பால் வாங்குவது நின்றது. இசை கற்றுத்தந்த ஆசிரியை மாணவர்களை இழந்தார். புராட்டஸ்டன்ட் பள்ளியில் வேலை செய்த கத்தோலிக்க ஆசிரியை விலகிக்கொண்டார். கால்வே ஆயர் மைக்கேல் பிரவுன் ஒரு மறையுரையில் இதை அமைதியான எதிர்ப்பு என்று ஆதரித்துப் பேசினார். நாட்டின் தலைமை அமைச்சர் டி வலேரா, அவரே ஆழ்ந்த கத்தோலிக்கர், நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். சில மாதங்களில் சூடு தணிந்தது. புறக்கணிப்பு முடிந்ததற்கு அடையாளமாக ஊர் சொல்வது, பங்குத்தந்தை ஒருநாள் ஒரு புராட்டஸ்டன்ட் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கியதைத்தான். அறிக்கையும் வருத்தமும் கிடையாது, ஒரு பாக்கெட் சிகரெட்தான். அந்தத் தாய் திரும்பி வந்தார். பிள்ளைகள் கடைசிவரை இரண்டு பள்ளிக்குமே போகாமல் வீட்டிலேயே படித்தார்கள்.

அங்கே வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது நோட்டீஸ். ஊர் கீழ்ப்படிந்ததே, அப்படியானால் அதிகாரம் வலுவாகத்தானே இருந்தது என்று தோன்றலாம். எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. சொல் தானாக எடுபடும் இடத்தில் பால்காரரை மிரட்ட வேண்டியதில்லை. கொத்தனார் போலீசை அழைத்துக்கொண்டு வந்த நாளிலேயே அவருடைய கண்ணின்மீது அவருக்கே நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

கதை அதே கிராமத்தில் தொடர்கிறது. 1981இல் ஷான் ஃபார்ச்சூன் என்ற குரு அங்கே உதவிப் பங்குத்தந்தையாக வந்தார். சிறுவர்கள்மீது அவர் இழைத்த பாலியல் கொடுமைகள் பின்னால் வெளிவந்தன. 1999 மார்ச்சில், வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் கிராமம் அடங்கிய ஃபெர்ன்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் பிரெண்டன் காமிஸ்கி, தாம் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு 2002இல் பதவி விலகினார். 2005இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை, 1962க்கும் 2002க்கும் இடையில் அந்த ஒரு மறைமாவட்டத்தில் மட்டும் 21 குருக்கள்மீது நூறுக்கும் மேற்பட்ட புகார்கள் இருந்ததைப் பதிவு செய்தது. 2009இல் மேலும் இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளிகளைப் பற்றியது, மற்றது தலைநகர் டப்ளினின் உயர்மறைமாவட்டத்தைப் பற்றியது. குற்றம் செய்தவர்கள் சிலர். மறைத்தவர்கள், இடம் மாற்றி அனுப்பியவர்கள், கோப்பை மூடியவர்கள்தான் மக்களை உலுக்கினார்கள்.

ஒரு விவரம் என்னை இன்னும் விடவில்லை. 1957 புறக்கணிப்புக்காக 1998இல் மன்னிப்புக் கேட்டவர் இதே ஆயர் காமிஸ்கிதான். நாற்பத்தோரு ஆண்டுக்கு முன் வேறொருவர் செய்த தவற்றுக்கு அவர் வருத்தம் தெரிவித்தார். அப்போது அவருடைய சொந்த அலுவலக அலமாரியில் என்ன இருந்தது? முன்னோரின் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது நம் எல்லாருக்குமே சுலபம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், ஊழல்களால்தான் அதிகாரம் போயிற்று என்று ஆகிவிடும். அது முழுக் கணக்கல்ல. இதே அளவில் ஊழல் வெளிவருவதற்கு வெகுகாலம் முன்பே நெதர்லாந்திலும் கனடாவின் கியூபெக்கிலும் 1960களிலேயே கோவில்கள் காலியாகத் தொடங்கிவிட்டன. அயர்லாந்தில் 1961 கடைசியில் தொலைக்காட்சி வந்தது, 1967இல் இலவச உயர்நிலைக் கல்வி வந்தது. பங்குத்தந்தை ஒருவர்தான் ஊரில் படித்தவர் என்ற நிலைமை போயிற்று. இன்னும் பின்னோக்கிப் போனால், 1521இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் மறைநூலும் பகுத்தறிவும் தவறென்று காட்டாதவரை பின்வாங்கமாட்டேன் என்று நின்ற, புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் வருவார்; 1784இல் 'சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணிந்துகொள்' என்று எழுதிய தத்துவவாதி காண்ட் வருவார். லூத்தர் அதிகாரத்தை மறுத்தவரல்லர். திருத்தந்தையின் நாற்காலியிலிருந்து மறைநூலுக்கு அதை மாற்றினார். காண்டின் வழியில் வந்தவர்கள் நூலிலிருந்து தனி மனிதனின் அறிவுக்கு மாற்றினார்கள். இன்றைய மனிதன் அதிலும் ஒரு படி இறங்கி, தன் விருப்பத்துக்கே மாற்றிவிட்டான் என்பது பல கிறிஸ்தவச் சிந்தனையாளர்களின் குறை. அதில் உண்மை உண்டு. குருவானவர் சொன்னதைக் கேட்கமாட்டேன் என்பவர், முகம் தெரியாத ஒருவர் கைப்பேசியில் சொன்னபடி மூன்று நாள் பட்டினி கிடக்கிறார். அதிகாரம் எங்கும் போய்விடவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

"அப்படியானால் மனச்சாட்சிப்படி நடப்பதும் அதிகார மறுப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கும் டப்ளினிலேயே ஓர் ஆள் கிடைக்கிறார். 1854இல் அங்கே தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஜான் ஹென்றி நியூமன். 2019இல் புனிதர் பட்டம் பெற்றவர். விருந்துக்குப் பின் சமயத்துக்காகக் கோப்பையை உயர்த்தச் சொன்னால் திருத்தந்தைக்காக (போப்புக்காக) குடிப்பேன், ஆனால் முதலில் மனச்சாட்சிக்காக, பிறகு திருத்தந்தைக்காக என்று 1875இல் எழுதினார். இந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, என் இஷ்டம்போல நடக்கக் கத்தோலிக்கப் புனிதரே சீட்டுக் கொடுத்துவிட்டார் என்பவர்களும் இருக்கிறார்கள். நியூமன் அதே எழுத்தில் அதை மறுக்கிறார். மனச்சாட்சி என்பது அவருக்கு உள்ளிருந்து பேசும் கடவுளின் குரல், என் ஆசையின் எதிரொலி அன்று. கொத்தனார் தூக்குக்குண்டை எண்ணிப் பாருங்கள். நூலைப் பிடித்திருப்பது என் கை. ஆனால் குண்டு நான் விரும்பிய பக்கம் தொங்காது. ஆமோஸ் இறைவாக்கினர் கண்ட காட்சியிலும் ஆண்டவர் சுவரருகே தூக்குநூலைப் பிடித்தபடிதான் நிற்கிறார். அங்கே அளக்கப்பட்டது இஸ்ரயேல், அதன் வழிபாட்டிடங்களும் அரசனும் உட்பட.

ஆகவே கிறிஸ்தவப் பார்வையில் எல்லா மறுப்பும் ஒரே நிறமல்ல. தூக்குக்குண்டைத் தூக்கி எறிவது ஒன்று. தூக்குக்குண்டை வைத்துக் குருவின் சுவரையும் அளப்பது வேறு. மறைநூல் அறிஞர்கள் மோசேயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், செய்வதைச் செய்யாதீர்கள் என்று மத்தேயு 23இல் இயேசு சொன்னது இரண்டாவது வகை. நாற்காலியை அவர் உடைக்கவில்லை. உட்கார்ந்தவர்களை விடவும் இல்லை.

2011 ஜூலையில் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் நடந்ததும் எனக்கு அப்படித்தான் படுகிறது. க்ளாயின் மறைமாவட்டத்தில் நடந்தவற்றைப் பற்றிய இன்னோர் அறிக்கை வெளியாகியிருந்தது. தலைமை அமைச்சர் எண்டா கென்னி, திருப்பலிக்குப் போகும் கத்தோலிக்கர், வத்திக்கானை நேருக்கு நேர் சாடினார். புனித ஆசீர்வாதப்பர் சொன்ன 'இதயத்தின் செவி'யால் கேட்க வேண்டிய இடத்தில், திருச்சபைச் சட்ட வக்கீலின் கூர்ந்த கண்ணோடு பார்த்தீர்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. உரோமையின் அதிகாரத்தை மறுக்க அவர் கையில் எடுத்தது ஒரு துறவியின் சொல்லை. கடவுளை மறந்த நாட்டில் இந்த வாக்கியம் புரிந்திருக்குமா?

இதனால் திருச்சபைக்கு நேர்ந்த இழப்பு காலிப் பெஞ்சுகளைவிடப் பெரியது. 2018இல் கருக்கலைப்பு பற்றிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் சட்டத்தைத் தளர்த்த வாக்களித்தார்கள். பிறக்காத உயிரைப் பற்றித் திருச்சபை சொல்வதை நான் நம்புகிறேன். அந்த முடிவு எனக்கு வருத்தம் தந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளைக் காக்கத் தவறியவர்கள் பிறக்காத குழந்தையைப் பற்றிப் பேசும்போது கேட்பவர் முகம் எப்படி இருக்கும்? சரியானதைச் சொல்லியும் எடுபடாத நிலை அது. கொத்தனார் இப்போது உண்மையிலேயே சாய்ந்த சுவரைக் காட்டுகிறார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டப்ளினில் ஒரு பழைய பேராலயம் உண்டு. 1965 டிசம்பரில், திருச்சபையில் மாற்றங்களுக்கு வழிவகுத்த ஆயர்கள் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து உரோமையிலிருந்து திரும்பிய பேராயர் ஜான் சார்ல்ஸ் மெக்வெய்ட் அங்கே மக்களிடம் பேசினார். மாற்றங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கவலைப்பட்டிருப்பீர்கள், எந்த மாற்றமும் உங்கள் கிறிஸ்தவ வாழ்வின் அமைதியைக் குலைக்காது என்று உறுதி கூறினார். 2011 பிப்ரவரியில் அதே பேராலயத்தில் அவருக்குப் பின்வந்த பேராயர் டியர்மிட் மார்ட்டின், பாஸ்டன் கர்தினால் ஷான் ஓமாலியோடு, விரிப்பில்லாத பீடத்தின் முன்னால் தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தார். பிறகு இருவரும் எழுந்து, கொடுமைக்கு ஆளான எட்டுப் பேரின் பாதங்களைக் கழுவினார்கள். அங்கே வர மறுத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் சித்தி மகள் அந்த நகரில் செவிலியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போகும் கோவிலில் பாதிப்பேர் நரைத்த தலைகள், மீதிப்பேர் கேரளத்தவரும் பிலிப்பைன்ஸ்காரர்களும். போன மாதம் வாசலில் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். தீர்த்தத் தொட்டிக்கு மேலே, சுவரில் சட்டம் போட்ட ஓர் அறிவிப்பு: இந்தப் பங்கில் குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், குருவின்மீதே சந்தேகம் என்றாலும் எந்த எண்ணில் சொல்லலாம், போலீஸ் எண் எது. தீர்த்தம் தொட்டு நெற்றியில் சிலுவை போடும் எவரும் அதைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது.

"அண்ணா, நம் கோவிலில் இது எங்கே ஒட்டியிருக்கிறது?" என்று கீழே எழுதியிருந்தாள்.

எங்கள் கோவில் வாசலில் கொடிமரத்துக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் சலவைக்கல்லில் வெட்டியிருக்கின்றன. திருவிழா வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் ஒட்டியிருக்கிறது. அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.